பிரெஞ்சுச் சீட்டுக்கட்டு: அந்த முகங்களை முடிவு செய்தது யார்?

நெய்தல்:
வணக்கம். பாரிஸில் இருக்கும் சித்தப்பா வீட்டார் ஊருக்கு வந்தபோது அங்கே கடையில் விற்கும் சாதாரணச் சீட்டுக்கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எண்ணிக்கை 52தான். ஆட்டின், டைமன், கிளாவர், ஸ்பேடு எல்லாம் நமக்குப் பழகியவைதான். ஆனால் ராஜா, ராணி, ஜாக்கி மட்டும் முற்றிலும் வேறு ஆட்கள். மூலையில் கே, கியூ, ஜே கிடையாது. ஆர், டி, வி என்று இருக்கிறது. ஆஸில் ஏ-க்குப் பதிலாக 1.

இதையெல்லாம் விட வியப்பு, ஒவ்வொரு படச்சீட்டிலும் ஒரு பெயர் அச்சிட்டிருக்கிறது. ஸ்பேடு ராஜா தாவீது. பக்கத்தில் ஒரு நரம்பிசைக் கருவி. ஆட்டின் ஜாக்கி லா ஹீர். கிளாவர் ராணி அர்ஜீன். இந்தப் பன்னிரண்டு பேரும் யார்? எப்போது சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள்? நம் ஊர்ச் சீட்டில் இருப்பவர்களுக்கு ஏன் பெயர் இல்லை?

இன்னொன்று. சீட்டுக்கட்டு என்பது மறைமுகமான நாட்காட்டி என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றி வருகிறதே, அது உண்மையா?

கடலூர்க்காரன்:
அந்தச் செய்தியைப் புறந்தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. 52 சீட்டு, 52 வாரம். நான்கு வகை, நான்கு பருவம். ஒவ்வொரு வகையிலும் 13, அதாவது ஒரு பருவத்துக்கு 13 வாரம். சிவப்பு பகல், கறுப்பு இரவு. ஒன்று முதல் பதின்மூன்று வரை கூட்டினால் 91. நான்கால் பெருக்கினால் 364. ஜோக்கரைச் சேர்த்தால் 365. இவ்வளவும் தானாகவே பொருந்திவிடுமா?

நான்கு வகைகளும் பிரெஞ்சுச் சமூகத்தின் நான்கு பிரிவுகள் என்றும் படித்திருக்கிறேன். ஆட்டின் திருச்சபை, ஸ்பேடு ஈட்டி ஏந்திய பிரபுக்கள், டைமன் வணிகர், கிளாவர் உழவர். ஓர் அறிவாளி உட்கார்ந்து திட்டமிட்டு வரைந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

ஏட்டுச்சுவடி:
//இவ்வளவும் தானாகவே பொருந்திவிடுமா?//

கூட்டல் கணக்கு சரி, வரலாற்றுக் கணக்கு சரியில்லை ஐயா. ஜோக்கரில் இருந்து தொடங்குவோம். அது அமெரிக்கர்கள் யூக்கர் ஆட்டத்துக்காக 1860களில் சேர்த்த சீட்டு. அதற்கு முன் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் ஐரோப்பா ஜோக்கர் இல்லாமல்தான் ஆடியது. அந்த 365ஆவது நாள் அப்போது எங்கே இருந்தது?

அடுத்தது 52. பிரான்சிலேயே மிகவும் விரும்பி ஆடப்பட்ட பிக்கே ஆட்டத்துக்கு 36 சீட்டு. பிறகு அதுவும் குறைந்து 32 ஆனது. ஸ்பானியர் 40 வைத்து ஆடினார்கள். தாரோ (டாரட்) கட்டில் 78. நாட்காட்டி என்றால் எல்லாரும் ஒரே எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

52 என்ற எண் எகிப்தில் இருந்து வந்தது. மம்லுக் சுல்தான்களின் காலத்துச் சீட்டுக்கட்டு ஒன்று இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் இருக்கிறது. எல்.ஏ. மேயர் என்ற அறிஞர் 1930களில் அதை உலகத்துக்கு அறிவித்தார். கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என்று நான்கு வகை, வகைக்குப் பதின்மூன்று. படச்சீட்டுகள் மூன்று: மன்னர், மன்னரின் பிரதிநிதி, இரண்டாம் பிரதிநிதி. ஆனால் அவற்றில் மனித உருவம் இல்லை, பதவியின் பெயர் மட்டும் எழுத்தில் இருக்கும். ராணியும் இல்லை.

அது மத்தியதரைக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குள் 1370களில் நுழைகிறது. 1377இல் புளோரன்ஸ் நகரம் இந்தப் புதிய ஆட்டத்துக்குத் தடை போடுகிறது. அதே ஆண்டில் ரைன்பெல்டன் ஊரைச் சேர்ந்த யோஹானஸ் என்ற துறவி சீட்டைப் பற்றி ஒரு நூலே எழுதிவிடுகிறார். இத்தாலியரும் ஸ்பானியரும் கிண்ணம், நாணயம், வாள், தடி என்று வைத்துக்கொண்டார்கள். போலோ தெரியாத ஊரில் மட்டை தடியாகிவிட்டது. ஜெர்மானியர் இதயம், இலை, ஓக் மரக்கொட்டை, மணி என்று மாற்றினார்கள். 1480 வாக்கில்தான் பிரெஞ்சுக்காரர்களின் நான்கு வகைகள் வருகின்றன. ஜெர்மானிய இலையையும் நம் ஸ்பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உறவு புரியும்.

சமூகத்தின் நான்கு பிரிவுகள் என்பது பின்னால் வந்தவர்கள் கட்டிய விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. அவ்வளவுதான்.

கடலூர்க்காரன்:
ஜோக்கர் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கிண்ணம், வாள், மணி என்று அழகழகான படங்கள் கையில் இருக்கும்போது, ஒரு பூவிதழும் ஒரு சாய்சதுரமும் போதும் என்று ஏன் முடிவு செய்தார்கள்? பொருள் ஏதும் இல்லையென்றால் இது பின்னடைவு அல்லவா?

அச்சுக்கூடத்தார்:
இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சகத்தில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பின்னடைவு இல்லை. அச்சுத் தொழிலில் நான் அறிந்த மிகச் சிறந்த முடிவுகளில் இது ஒன்று.

ஒரு ஜெர்மானியக் கட்டைச் செய்ய என்ன வேண்டும் என்று யோசியுங்கள். எட்டு ஓக் கொட்டை உள்ள சீட்டுக்கு எட்டுக் கொட்டைகளையும் காம்போடு, இலையோடு மரக்கட்டையில் செதுக்க வேண்டும். ஒன்பதுக்கு ஒன்பது. கட்டில் இருக்கும் அத்தனை சீட்டுக்கும் செதுக்கு வேலை. பிறகு கோட்டுக்குள் வண்ணம்.

பிரெஞ்சுக்காரர் செய்ததைப் பாருங்கள். நான்கு வடிவங்கள். உள்ளே கோடு கிடையாது, நிழல் கிடையாது, வெறும் வெளிவடிவம். ஒரே வண்ணம். இப்படிப்பட்ட வடிவத்துக்கு மரக்கட்டையே வேண்டாம். எண்ணெய்ச் சாயம் பூசி விறைப்பாக்கிய தாளில் ஓட்டை வெட்டி, சீட்டுத்தாள் மேல் வைத்து, தூரிகையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். நம் வீடுகளில் மாவு கொட்டிக் கோலம் இறக்கும் துளைத்தகடு இருக்கிறதே, வேலை அதேதான். ஒரு முழுத்தாளில் இருக்கும் எண்சீட்டுகள் அனைத்துக்கும் சிவப்புக்கு ஒரு ஸ்டென்சில், கறுப்புக்கு ஒரு ஸ்டென்சில். தீர்ந்தது வேலை. செதுக்குக்காரருக்குக் கூலி கொடுக்க வேண்டியது பன்னிரண்டு படச்சீட்டுகளுக்கு மட்டும்.

வண்ணம் இரண்டே ஆனதற்கும் இதுதான் காரணம். மரக்கட்டையின் கோட்டுக்குக் கறுப்பு எப்படியும் கலக்க வேண்டும். சிவப்பு படச்சீட்டின் உடைக்கு எப்படியும் வேண்டும். எண்சீட்டுக்கென்று தனியாக ஒரு மையும் கலக்க வேண்டியதில்லை. பகலும் இரவும் யாரும் யோசிக்கவில்லை ஐயா, மைச்சட்டியைத்தான் யோசித்தார்கள்.

நெய்தல்:
ஸ்டென்சில் விளக்கம் அருமை. படச்சீட்டு எப்படிச் செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள் ஐயா. அட்டை எப்படி? அந்தக் காலத்தில் ஒளி ஊடுருவாமல் எப்படிச் செய்தார்கள்?

அச்சுக்கூடத்தார்:
சொல்கிறேன். 1762இல் துயமேல் துய் மோன்சோ என்பவர் இந்தத் தொழிலைப் படிப்படியாக எழுதி வைத்துவிட்டார். அதனால் நமக்கு ஒவ்வொரு நிலையும் தெரிகிறது.

சீட்டு ஒற்றைத் தாள் இல்லை, பசையிட்டு ஒட்டிய அடுக்கு. முகத்துக்கு ஒரு வெள்ளைத் தாள், முதுகுக்கு இன்னும் நல்ல வெள்ளைத் தாள், நடுவில் மட்டமான சாம்பல் நிறத் தாள். நீங்கள் கேட்ட ஒளி பிரச்சினைக்கு விடை அந்த நடுத்தாள்தான். மெழுகுவர்த்திக்கு எதிரே பிடித்தாலும் எதிராளிக்கு உங்கள் சீட்டு தெரியாது.

படச்சீட்டின் கோடுகள் மட்டும் மரக்கட்டையில். அச்சு இயந்திரம் கிடையாது. கட்டையில் மை தடவி, ஈரத்தாளை மேலே விரித்து, குதிரைமயிரும் துணியும் வைத்துக் கட்டிய ஓர் உருண்டையால் முதுகைத் தேய்ப்பார்கள். தேய்க்கிற கையின் பலம் சீராக இல்லையென்றால் கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மங்கும். காய்ந்தபின் வண்ணத்துக்கு ஒவ்வொன்றாக ஸ்டென்சில்: மஞ்சள், சிவப்பு, நீலம். இங்கேதான் பழைய சீட்டை அடையாளம் காணலாம். ஸ்டென்சில் ஒரு மயிரிழை நகர்ந்தால் ராணியின் கன்னத்துச் சிவப்பு மூக்குக்கு ஏறிவிடும், உடையின் நீலம் கைக்கு வழிந்துவிடும். அருங்காட்சியகச் சீட்டுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், கோட்டைத் தாண்டாத வண்ணத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கடைசியில் மெருகு. தாளைச் சூடாக்கி, சோப்பு தடவி, கழியில் பொருத்திய வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்ப்பார்கள். சீட்டு விரலில் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமே. அதன்பின் கத்தரி. எல்லாச் சீட்டும் ஒரே அளவாக இல்லாவிட்டால் ஆட்டக்காரன் விரலாலேயே கண்டுபிடித்துவிடுவான்.

ஏட்டுச்சுவடி:
நெய்தல் கேட்ட பெயர்களுக்கு வருகிறேன். இது பாரிஸ் நகரத்து முகம். பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொரு வட்டாரத்துப் படச்சீட்டு வடிவத்தையும் முகம் என்ற பொருளில்தான் அழைத்தார்கள்.

ஸ்பேடில் தாவீது, பல்லாஸ், ஓஜியே. ஆட்டினில் சார்லஸ், யூதித், லா ஹீர். டைமனில் சீசர், ராக்கேல், ஹெக்டர். கிளாவரில் அலெக்சாண்டர், அர்ஜீன், லான்ஸலாட்.

ராஜாக்கள் நால்வரும் இடைக்கால ஐரோப்பா கொண்டாடிய ஒன்பது மாவீரர் பட்டியலில் இருந்து வந்தவர்கள். தாவீது விவிலியத்து அரசர், வாத்தியம் அதனால்தான். சார்லஸ் என்பவர் சார்லமேன். ஹெக்டரும் அதே பட்டியலில் உள்ள டிராய் வீரன்தான். இங்கே ஜாக்கியாக இறங்கிவிட்டான். ஓஜியே சார்லமேன் கதைகளில் வரும் வீரன். லான்ஸலாட் ஆர்தர் மன்னன் கதையில் வருபவன். ராணிகளில் யூதித்தும் ராக்கேலும் விவிலியப் பெண்கள், பல்லாஸ் கிரேக்கரின் அத்தீனா தேவி. அர்ஜீன் யாருமே இல்லை. ராணி என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்கிய பெயர்.

வரலாற்றில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே ஆள் லா ஹீர். இயற்பெயர் எத்தியென் த விஞோல். ஜான் ஆஃப் ஆர்க்குடன் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தளபதி, 1443இல் இறந்தார். அவர்தான் பிரெஞ்சுச் சீட்டைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை உண்டு. இந்த நான்கு வகைகள் அவர் இறந்து ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பின் வந்தவை என்பதால் அந்தக் கதை நிற்காது.

பெயர்களை எழுதும் வழக்கம் ரூவான் நகரத்துச் சீட்டுகளிலும் உண்டு, ஆனால் ஆட்கள் மாறி மாறி வருவார்கள். யார் எந்த வகைக்கு என்று நிலைத்தது 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில்.

தராசுமுள்:
இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். வணிகவரித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இத்தனை பேர் எழுதியும் வரியைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

நிலைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக நிலைத்ததா? நிலைக்க வைத்தார்கள். பிரெஞ்சு அரசு 1583இலேயே, மூன்றாம் ஹென்றி காலத்தில், விற்கும் ஒவ்வொரு கட்டுக்கும் வரி போட்டது. அதன்பின் வரலாறு முழுக்க வரி ஏறுவதும், சீட்டுச் செய்பவர்கள் ஊரைவிட்டு ஓடுவதும், கள்ளச் சீட்டு பெருகுவதும்தான். எல்லைக்கு அப்பால் சுவிட்சர்லாந்திலும் பக்கத்து நாடுகளிலும் பிரெஞ்சுச் சீட்டுத் தொழில் வேரூன்றியதற்கு இப்படி வெளியேறிய கைவினைஞர்களும் ஒரு காரணம்.

முக்கியமான ஆண்டு 1701. அந்த ஆண்டு பதினான்காம் லூயியின் அரசு நாட்டைச் சீட்டுக்காகவே ஒன்பது வட்டாரங்களாகப் பிரித்தது. பாரிஸ், பர்கண்டி, லியோன், ஓவெர்ஞ், தோஃபினே, புரோவான்ஸ், லாங்கெதோக், குயென், லிமூசின். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரே ஒரு அங்கீகரிக்கப்பட்ட முகம். அச்சுக்கட்டைகள் வரி அலுவலகத்தின் காவலில் இருக்கும். சீட்டுச் செய்பவர் தன் விருப்பத்துக்கு ஒரு மீசையைக்கூட மாற்ற முடியாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு சோதனை அதிகாரியின் இடத்தில் நின்று பாருங்கள். புரோவான்ஸ் சந்தையில் பாரிஸ் முகம் கொண்ட கட்டு அகப்பட்டால், படித்துப் பார்க்க எதுவும் தேவையில்லை, பார்த்த மாத்திரத்தில் அது வெளியூர்ச் சரக்கு. முகம்தான் முத்திரை. கிளாவர் ஜாக்கியின் சீட்டில் செய்தவரின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதியும் இதே நோக்கம்தான். பின்னாளில் அரசே நீர்க்குறி போட்ட தாளை வழங்கி, அந்தத் தாளில்தான் அச்சிட வேண்டும் என்றது. கிளாவர் ஆஸில் வரி முத்திரை. இந்த வரி பிரான்சில் ஒழிந்தது 1945இல்.

வசூலான பணம் எங்கே போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1751இல் பதினைந்தாம் லூயி பாரிஸில் ராணுவப் பள்ளி தொடங்கியபோது சீட்டு வரியை அதற்கே ஒதுக்கினார். நாடெங்கும் ஆடப்பட்ட பிக்கே ஆட்டங்கள் கட்டிய பள்ளி அது. 1784இல் அங்கே மாணவனாகச் சேர்ந்தவன் நெப்போலியன்.

அச்சுக்கூடத்தார்:
தராசுமுள் ஐயா, அருமை. ஆனால் ஒரு இடத்தில் உங்களோடு மல்லுக்கு நிற்பேன். வரி பிரான்சுக்குள்தான் செல்லும். ஆட்டினும் ஸ்பேடும் இன்று உலகம் முழுவதும் இருப்பதற்கு வரி எப்படிக் காரணமாகும்? விலைதான் காரணம். ஸ்டென்சிலால் மலிவானது, மலிவானதால் ரூவானும் லியோனும் எல்லா நாட்டுக்கும் ஏற்றுமதி செய்தன.

தராசுமுள்:
மறுக்கவில்லையே. ஆட்டினும் ஸ்பேடும் உங்கள் ஸ்டென்சிலின் சாதனை. அந்தப் பன்னிரண்டு முகங்கள் என் துறையின் சாதனை. வரைந்தவருக்கு மாற்றும் உரிமை இருந்திருந்தால் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து உடையைச் சீட்டுக்கு மாட்டியிருக்கும். தாவீதும் யூதித்தும் 15ஆம் நூற்றாண்டு அரண்மனை உடையிலேயே இன்றுவரை நிற்பது கட்டைகள் பூட்டுக்குள் இருந்ததால்தான்.

மாற்றிப் பார்க்கும் அதிகாரம் உள்ளவர்கள் முயன்றதும் உண்டு. நெப்போலியன் பேரரசரானதும் ஓவியர் ழாக்-லூயி தாவீதைக் கொண்டே 1809 வாக்கில் புதிய சீட்டு வரையச் சொன்னார். உரோமச் சிலைகளைப் போன்ற கம்பீரமான உருவங்கள். ஆட்டக்காரர்கள் தொடவில்லை. அடுத்து 1811இல் கத்தோ என்ற செதுக்குக் கலைஞர். அதுவும் எடுபடவில்லை. 1813இல் அதே கத்தோவே பழைய பாரிஸ் முகங்களைத் திருத்தி வரைந்து கொடுக்க வேண்டியதாயிற்று. கையில் ஐந்து சீட்டை விரித்துப் பிடித்து ஓரத்தில் தெரியும் விரல் அகலத்தைப் பார்த்தே இது யார் என்று தெரிய வேண்டும் ஆட்டக்காரனுக்கு. எவ்வளவு பெரிய ஓவியர் வரைந்தாலும் அந்தப் பழக்கத்தை ஓர் ஆணையால் மாற்ற முடியாது.

குறிஞ்சிமலர்:
நெப்போலியனுக்கு முன்பு புரட்சிக்காரர்கள் முயன்றதைத் தாண்டிப் போகாதீர்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மனத்துக்கு நெருக்கமான பகுதி அதுதான்.

1793இல் அரசரின் தலையே போனபின் சீட்டில் அரசர் இருக்கலாமா? சிலர் சிக்கனமாகத் தங்கள் பழைய கட்டைகளில் இருந்த கிரீடத்தை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு அச்சிட்டார்கள். வேறு சிலர் ராஜாக்களுக்குப் பதிலாக வால்தேர், ரூசோ, மோலியேர், லா ஃபோந்தேன் ஆகிய எழுத்தாளர்களை உட்கார வைத்தார்கள். மிகவும் யோசித்துச் செய்தவர்கள் ஜோம், துகூர் என்ற இருவர். ராஜாக்களின் இடத்தில் போர், அமைதி, கலை, வணிகம் ஆகியவற்றின் காவல் தெய்வங்கள். ராணிகளின் இடத்தில் நான்கு சுதந்திரங்கள்: வழிபாடு, மணவாழ்வு, பத்திரிகை, தொழில். ஜாக்கிகளின் இடத்தில் நான்கு சமத்துவங்கள்: கடமை, உரிமை, படிநிலை, நிறம். ஆஸின் இடத்தில் சட்டம்.

நிறச் சமத்துவச் சீட்டைத் தேடிப் பாருங்கள். விலங்கு அறுபட்ட ஒரு கறுப்பின மனிதர் காப்பி மூட்டையின்மேல் உட்கார்ந்திருக்கிறார். கையில் துப்பாக்கி. உடைந்த நுகம் காலடியில். காப்பி என்றால் கரீபியத் தீவுகள், அடிமைத் தோட்டங்கள். பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. 1794 பிப்ரவரியில் பிரெஞ்சுப் பேரவை அடிமை முறையை ஒழித்துத் தீர்மானம் போட்டது. அந்த நாட்களின் சூட்டில் வந்த சீட்டு இது. சூதாட்ட மேசைக்குச் செய்த ஒரு சிறு தாளில் இவ்வளவு பெரிய வாக்குறுதி! 1802இல் நெப்போலியன் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆஸ் ராஜாவை வெல்வது இந்தப் புரட்சியால் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது தவறு. ஆஸை உச்சமாக வைத்த ஆட்டங்கள் புரட்சிக்கு முன்பே இருந்தன. பிக்கே அவற்றில் ஒன்று.

கடலூர்க்காரன்:
குறிஞ்சிமலர் அவர்களுக்கு நன்றி, இது எனக்குப் புதிது. ஒரு கேள்வி. நம் ஊர்க் கட்டில் இருக்கும் ராஜாக்கள் யார்? ஆட்டின் ராஜா மட்டும் ஏன் தன் தலையிலேயே வாளைக் குத்திக்கொள்கிறார்?

ஏட்டுச்சுவடி:
நம் கடைகளில் விற்பது ஆங்கிலேய வழிச் சீட்டு. அதன் மூலமும் பிரான்சுதான், ஆனால் பாரிஸ் இல்லை, ரூவான். ஆங்கிலக் கால்வாய்க்குப் பிரெஞ்சுப் பக்கம் துறைமுகத்தோடு இருந்த ஊர் என்பதால் இங்கிலாந்துக்குச் சீட்டு அங்கிருந்து போயிற்று. ரூவானின் பியேர் மரேஷால் 1567 வாக்கில் செய்த சீட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் நம் ராஜா, ராணியின் பாட்டன் பாட்டியைப் பார்த்தது போலவே இருக்கும்.

1628இல் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் லண்டன் சீட்டுச் செய்பவர்களின் சங்கத்துக்குப் பட்டயம் கொடுத்து, வெளிநாட்டுச் சீட்டு இறக்குமதியைத் தடுத்தார். அசல் வருவது நின்றது. அதன்பின் நகலின் நகல், அந்த நகலுக்கும் நகல். செதுக்குபவருக்கு அந்தக் கோடு எதைக் குறித்தது என்று தெரியாது, தெரிந்ததைச் செதுக்குவார். ரூவானில் ஆட்டின் ராஜாவின் கையில் இருந்தது கோடரி. சீட்டுச் சட்டகத்தின் விளிம்பில் கோடரியின் தலை விடுபட்டுப் போய், மிஞ்சிய கைப்பிடியை யாரோ வாளாக்கிவிட்டார்கள். மீசையும் இப்படித்தான் தொலைந்தது. அவர் தற்கொலை செய்துகொள்ளவில்லை, கோடரியை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அதனால் ஸ்பேடு ராஜா தாவீது, டைமன் ராஜா சீசர் என்று நம் ஊர்க் கட்டைக் காட்டிச் சொல்வது பொருந்தாது. அந்தப் பெயர்கள் பாரிஸ் முகத்துக்கு மட்டுமே உரியவை.

வடமராட்சியான்:
ஆட்டத்தைப் பற்றி எவரும் எழுதவில்லையே என்று வந்தேன். நாங்கள் ஊரில் 304 ஆடிப் பழகியவர்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. வகைக்கு 76, நான்குக்கும் சேர்த்து 304. ராஜாவை ஜாக்கி வெல்லும் இந்த விசித்திரம் எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்தால், பாரிஸில் இருக்கும் எங்கள் உறவினர்கள் அங்கே பெலோத் ஆட்டத்தைக் காட்டினார்கள். துருப்பு வகையில் ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 4, ராணிக்கு 3! அங்கே துருப்புக்கு மட்டும் இந்த வரிசை, எங்களிடம் எல்லா வகைக்கும். அவர்கள் 32 சீட்டில் ஆடுகிறார்கள்.

ஏட்டுச்சுவடி:
வடமராட்சியான் அண்ணா, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். ஜாக்கியும் ஒன்பதும் உச்சத்தில் இருப்பது சுவிட்சர்லாந்தின் யாஸ், ஒல்லாந்தரின் (டச்சுக்காரர்) கிளாவர்யாஸ், பிரான்சின் பெலோத் எல்லாம் அடங்கிய ஒரு குடும்பத்தின் அடையாளம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆடும் 304, 28, 56 ஆகியவை ஒல்லாந்தர் வழியாக வந்த அந்தக் குடும்பத்தின் கிளைகள் என்பது ஆட்ட ஆய்வாளர்களின் கருத்து.

நெய்தல்:
பாரிஸ் கட்டின் முதுகு நீலத்தில் குறுக்குக் கோடுகளாக இருக்கிறது. பழைய சீட்டுகளிலும் முதுகில் இப்படித்தான் வேலைப்பாடு இருக்குமா?

குறிஞ்சிமலர்:
பெரும்பாலும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு வரை பிரெஞ்சுச் சீட்டின் முதுகு வெறும் வெள்ளை. அழுக்குப் பட்டால் அடையாளம் தெரிந்துவிடும், அந்தக் கட்டை வைத்து ஆட முடியாது. ஆனால் தாள் அருமையான பொருளாக இருந்த காலத்தில், ஒரு பக்கம் வெறுமையாக உள்ள கெட்டியான அட்டையை யார் தூக்கி எறிவார்கள்? முகவரிச் சீட்டு, அழைப்பிதழ், கடன் சீட்டு, எல்லாம் அதில்தான்.

1685இல் கனடாவின் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் படையினருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வந்துசேரவில்லை. நிர்வாகி ழாக் த மோல் ஊரில் இருந்த சீட்டுகளைத் திரட்டி, கையொப்பமும் முத்திரையும் இட்டு அவற்றையே பணமாக வெளியிட்டார். ரூசோ தன் கடைசிக் காலக் குறிப்புகளை எழுதிய 27 சீட்டுகள் இன்றும் சுவிட்சர்லாந்தின் நெஷாத்தேல் நூலகத்தில் இருக்கின்றன.

1791இல் நடந்தது நூலகத்துறையினருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. திருச்சபையிடம் இருந்து பறிமுதல் செய்த நூல்கள் லட்சக்கணக்கில் குவிந்தபோது, ஒரு நூலுக்கு ஒரு சீட்டு என்று முதுகில் தலைப்பை எழுதி, ஓரத்தில் ஊசியால் நூல் கோத்துப் பாரிஸுக்கு அனுப்பும்படி புரட்சி அரசு உத்தரவிட்டது. நீளமான தலைப்புக்கு ஆஸையும் இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். முகத்திலும் எழுத இடம் இருக்குமே.

ரூவான் ஆவணக் காப்பகத்தில் இன்னொரு வகைச் சீட்டுகள் உண்டு. வளர்க்க வழியில்லாமல் கைவிட்ட குழந்தையின் துணியோடு வைத்த சீட்டுகள். முதுகில் குழந்தையின் பெயர், ஞானஸ்நானம் ஆனதா இல்லையா என்ற குறிப்பு. சில சீட்டுகள் வளைவாகவோ பல்போலவோ பாதியாக வெட்டப்பட்டிருக்கும். மறுபாதி தாயிடம். என்றாவது திரும்பி வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்துப் பிள்ளையை மீட்கலாம்.

கடலூர்க்காரன்:
இந்தக் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை அம்மா.

இளையவர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார், நான் இங்கே கேட்கிறேன்: தாரோ சீட்டு சோதிடத்துக்கென்றே எகிப்தியக் குருமார் செய்தது என்கிறார்களே?

ஏட்டுச்சுவடி:
இல்லை. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஆட்டத்துக்காகச் செய்தது. எகிப்துக் கதையைக் கிளப்பியவர் கூர் த ஜெபெலன் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், 1781இல். பிரான்சில் இன்றும் தாரோவை 78 சீட்டு வைத்து நால்வராக ஆடுகிறார்கள்.

நெய்தல்:
ஒரு கடைசிக் கேள்வி, அச்சுக்கூடத்தார் ஐயாவுக்கு. ராஜாவுக்கு மேலும் கீழும் தலை வைத்தது எப்போது? மூலை எண் எப்போது வந்தது? பிரான்சுக்குப் போனால் பழையவற்றை எங்கே பார்க்கலாம்?

அச்சுக்கூடத்தார்:
இரட்டைத் தலை பிரான்சில் அரசு முகத்துக்கு வந்தது 1827 வாக்கில். அதற்கு முன் ராஜா முழு உருவமாக, காலோடு நிற்பார். தலைகீழாக வந்த சீட்டை ஆட்டக்காரன் கையில் நேராகத் திருப்புவான். எதிரே இருப்பவனுக்கு இவனிடம் படச்சீட்டு விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரட்டைத் தலை அந்தச் சிக்கலைத் தீர்த்தது. கால்கள் போனதில் வேலைப்பாடு கொஞ்சம் இழப்புத்தான். முழு உருவச் சீட்டில் உடையின் மடிப்புகளும் காலணியும் எவ்வளவு அழகு!

மூலை எண் அமெரிக்காவில் 1860, 70களில் பரவியது. அதற்கு முன் சீட்டை அகலமாக விரித்துத்தான் பார்க்க வேண்டும். இப்போது ஓரத்தை ஒரு நகக்கண் அளவு விலக்கினால் போதும். பிரெஞ்சுக்காரர் அந்த வசதியை எடுத்துக்கொண்டு ஆர் (ருவா, ராஜா), டி (தாம், ராணி), வி (வலே, ஜாக்கி) என்று தங்கள் எழுத்தைப் போட்டுக்கொண்டார்கள். வட்ட மூலையும் 19ஆம் நூற்றாண்டுதான். 1850களின் கடைசியில் பாரிஸின் கிரிமோ நிறுவனம் பொன் பூசிய வட்ட மூலைகளோடு சந்தைக்கு வந்தது.

பார்க்க வேண்டுமென்றால் பாரிஸை ஒட்டிய இஸி-லே-மூலினோவில் சீட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, 1997இல் திறந்தது. அங்கே மரக்கட்டைகளையும் ஸ்டென்சில்களையும் தேடிப் பாருங்கள். பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் ஜோம், துகூர் செய்த புரட்சிச் சீட்டுகளும் கத்தோவின் சீட்டுகளும் பெரிய அளவில் கிடைக்கும். திரையில் பார்க்கும்போது முதலில் எண்சீட்டைத் திறங்கள். சிவப்பின் ஓரத்தில் தூரிகை இழுத்த தடம் தெரிந்தால் அது ஸ்டென்சில். ஓரம் கத்தியால் அறுத்தது போல் ஒரே சீராக இருந்தால் பிற்கால இயந்திர அச்சு.